இரட்டையரை மறந்த இரட்டை

என் அக்காவுக்கும் எனக்கும் ஒரே முகம். அந்த ஒரே முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் பிழைப்பு நடத்துகிறோம். அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் எப்படி அடுக்கி வைப்பது என்று திட்டம் போடுகிறவள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என்னிடம் படித்த சிலர் மருத்துவமனை வராந்தாவில் அவளைப் பார்த்து நடுங்கிப்போய் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். அவ்வளவு நல்ல பெயர் எனக்கு. அவளோ யாரையும் ஒரு வார்த்தை அதட்டாதவள்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு வங்கிக்காரர், "உங்க அக்கா ஏதோ பெரிய தப்பு பண்ணி மாட்டிக்கிட்டாங்களாமே, பதவியும் போச்சாமே?" என்று சாவகாசமாகக் கேட்டார். எனக்கு மூக்கு மேல் கோபம். நடுரோட்டில் என் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினேன். தப்பு செய்தாள், உண்மை. பதவி போனது, அதுவும் உண்மை. ஆனால் மாட்டிக்கொண்டாள் என்று எவனும் சொல்லக் கூடாது. அவளாகவே போய்ப் போட்டு உடைத்தாள். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆதியிலிருந்தே சொல்கிறேன். என்னைவிடச் சில நிமிடம் முந்திப் பிறந்தாள். அந்தச் சில நிமிடத்தை வைத்து ஆயுள் முழுக்க அக்கா பட்டம் வாங்கிக்கொண்டாள். எங்கள் சின்ன வயதில் ஊர் உலகத்துக்கு நாங்கள் இரண்டு பேர் என்றே தெரியாது. அத்தை ஒரே ஒரு பொம்மை வாங்கி வந்து, "ரெண்டு பேரும் வெச்சுக்கோங்க" என்று நடுவில் வைப்பார். டீச்சர் ஒருத்தியைத் திட்ட வேண்டியதற்கு இன்னொருத்தியைத் திட்டுவார். ஆள் தப்பு என்று சொன்னால், "அதனால என்ன, அவகிட்ட சொல்லிடு" என்பார். எனக்கு அதில் லாபம்தான். அவள் எழுதிய வீட்டுப்பாடத்துக்கு நான் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அவளுக்கு அது ஆகாது. அவளுக்குத் தனி டம்ளர் வேண்டும், தனி அலமாரி வேண்டும், பள்ளியில் தனி வகுப்பு வேண்டும். அழுது அடம்பிடித்து அத்தனையும் வாங்கினாள். காலேஜ் போன பிறகு, தனக்கு இப்படி ஒரு இரட்டைத் தங்கை இருப்பதையே அவளாக யாரிடமும் சொல்ல மாட்டாள். வெட்கம் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

முதலில் அவள் அந்த மருத்துவமனையின் கோப்பு அறையில்தான் சேர்ந்தாள். அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. இரும்பு அடுக்குகள் கூரை வரை. ஒரே ஆளுக்கு அங்கே நான்கைந்து கோப்புகள் இருக்கும். ஒரு தடவை செல்லப் பெயரில் வருவார்கள், அடுத்த தடவை சான்றிதழ்ப் பெயரில் வருவார்கள், கல்யாணம் ஆனபின் புருஷன் பெயரைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். ஒரு பெரியவருக்கு இதய நோய் இருப்பது ஒரு கோப்பில் கிடக்க, டாக்டர் கையில் இன்னொரு கோப்பு போய்ச் சேர்ந்து, அவர் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். "ஒரு ஆளு, ஒரே ஆளாத்தான் இருக்கணும். இதைச் சரி பண்ணாம விட மாட்டேன்" என்றாள். வேலை பார்த்துக்கொண்டே படித்தாள். பரீட்சை எழுதினாள். அடித்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குப் போனாள்.

அங்கே அவள் செய்யும் வேலைக்கு ஸ்கீமா என்று பெயர். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். வீடு கட்டுவதற்கு முன்னால் எது சமையலறை, எது படுக்கையறை, எங்கே கதவு என்று வரைபடம் போடுகிறோம் இல்லையா, அது மாதிரி விவரங்களுக்கு வரைபடம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி. அந்த வரியில் கட்டங்கள்: பெயருக்கு ஒன்று, பிறந்த தேதிக்கு ஒன்று, அலர்ஜிக்கு ஒன்று. எந்தக் கட்டம் காலியாக இருக்கலாம், எது இருக்கக் கூடாது, எதோடு எது சேர வேண்டும் என்று எல்லாம் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு வருகிற ஆயிரக்கணக்கான பேரும் அந்தக் கட்டங்களுக்குள்தான் உட்கார வேண்டும்.

இதற்காக அவள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சாப்பிட உட்கார்ந்தால் கேள்வி. "பிறந்த தேதியே தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?" "ஒருத்தருக்கு வீடு ரெண்டா இருந்தா?" "வாரத்துல பாதி நாள் பொண்ணு வீடு, பாதி நாள் பையன் வீடுன்னு இருக்கிற அம்மாவுக்கு எந்த முகவரி?" என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி பதில் யோசிப்பார். எங்கள் அம்மா, "இவளுக்குக் கட்டம் கட்டமா சட்டை தைச்சுக் குடுத்தது தப்பாப் போச்சு" என்பார். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அவள் இடம் வைத்தாள். பெயர் தெரியாமல் மயக்கத்தில் வருகிறவருக்கு இடம், பிறந்து இன்னும் பெயர் வைக்காத குழந்தைக்கு இடம். யோசித்துப் பார்த்தால், பூமியில் மனிதர்கள் எத்தனை தினுசாக இருக்கிறார்கள் என்று அவளளவுக்கு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

அங்கே மனநலப் பிரிவில் ஒரு டாக்டர் இருக்கிறார். கேன்டீனில் அக்காவோடு காபி குடிப்பவர். அவர் ஒருநாள் சொன்னாராம், "உங்க ஸ்கீமாவை எங்ககிட்ட இருந்துதான் திருடினீங்களா? மனசுக்குள்ளயும் அதேதான் இருக்கு." சின்ன வயதிலிருந்து நாம் பார்த்ததையெல்லாம் வைத்து மனசு சில அச்சுகளைச் செய்து வைத்துக்கொள்ளுமாம். ஹோட்டல் என்றால் இப்படி, மாமியார் என்றால் இப்படி, போலீஸ்காரர் என்றால் இப்படி. புதிதாக எது வந்தாலும் ஏதாவது ஒரு அச்சில் போட்டுப் பார்க்குமாம். அச்சில் பொருந்தாததைக் கண் பார்த்தாலும் மனசு பதிந்துகொள்ளாதாம்.

அக்கா இதை ஏதோ புதையல் கிடைத்த மாதிரி வந்து சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "இதுக்கு டாக்டர் வேணுமா? என் வண்டியில ஒரு மணி நேரம் உக்காந்தா தெரியும்" என்றேன். சைக்கிள் ஓட்டிப் பழகினவர்கள் கார் பிரேக்கைக் கையில் தேடுவார்கள். கியர் வண்டியில் பழகினவருக்கு கியர் இல்லாத வண்டியைக் கொடுத்தால் இடது கால் சும்மா தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். ஒருவர் தன் பெரிய வண்டியின் அளவை மனசில் வைத்துக்கொண்டு என் சின்ன வண்டியைச் சந்தில் விடமாட்டேன் என்று இறங்கி நின்றுவிட்டார். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இதை நான் அந்த டாக்டர்கிட்ட சொல்லலாமா?" என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவள் வரைந்த திட்டம் ஒருவழியாக உயிர் பெற்றது. முதலில் இரண்டே பிரிவுகளில் வைத்துப் பார்த்தார்கள்: காயத்துக்குக் கட்டுப் போடும் பிரிவு, குழந்தைகள் பிரிவு. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். அடுத்த திங்கட்கிழமை மருத்துவமனை முழுக்கத் திறப்பது என்றும், அடித்தளத்துப் பழைய கோப்புகள் அத்தனையையும் அதில் கொட்டிவிடுவது என்றும், அதோடு அக்காவைத் தகவல் பிரிவுக்குத் தலைவியாக்குவது என்றும் முடிவானது. கோப்பு அறையில் தூசி தட்டியவள் தலைவி. அம்மா எடுத்த போனை வைக்கவில்லை. சொந்தக்காரர்களில் விட்டுப்போனவர் யாரும் இல்லை. ராங் நம்பர் போட்டவரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் என் கையில் காரின் பானெட் மூடி விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை. கற்றுக்கொள்ள வந்த ஒருவருக்கு இன்ஜின் ஆயில் எங்கே பார்ப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஆர்வக் கோளாறில் மூடியைத் தாங்கி நின்ற முட்டுக் கம்பியில் கை வைத்தார். கம்பி நழுவியது, மூடி என் புறங்கையில் இறங்கியது. ரத்தம். அவர் என்னைவிடப் பெரிதாக அலறினார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவரையே ஓட்டச் சொல்லி, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே அக்காவின் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பதிவு செய்யும் மேஜையில் ஒரு பெண். பெயர் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள், அம்மா பெயர், முகவரி கேட்டாள். அம்மா பெயர் கேட்பது அக்காவின் யோசனை. கல்யாணம் ஆனாலும் மாறாத பெயர் அது ஒன்றுதான் என்பாள். நாங்கள் கீழ் வீட்டில் இருக்கிறோம், அக்காவும் அம்மாவும் மாடியில். முகவரி ஒன்றுதான். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏற்கெனவே பதிவு பண்ணியிருக்கீங்க மேடம்" என்றாள்.

"நான் இந்த மேஜைக்கே இப்பதான் வர்றேன்."

"இருக்கீங்களே. இன்னொரு பேர்ல இருக்கீங்க. இந்தப் பேரையும் சேர்த்துட்டேன்."

கை வலியில் எனக்குப் பொறுமை இல்லை. "கண்ணைத் திறந்து பாரும்மா" என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டு உள்ளே போனேன். இந்த மாதிரி மேஜைகளில் உட்காருகிறவர்கள் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள் என்பது என் மனசில் இருந்த அச்சு.

உள்ளே காயத்தைக் கழுவித் தையல் போட்டார்கள். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்து, "அலர்ஜி எதுவும் இல்ல, சரிதானே? பென்சிலின் போடுறேன்" என்றார். எனக்குப் பென்சிலின் ஆகவே ஆகாது. காலேஜில் படிக்கும்போது ஒருமுறை போட்டு, தொண்டை அடைத்து, மூச்சு நின்று, செத்துப் பிழைத்தவள் நான். அதை இந்த மருத்துவமனையின் பழைய கோப்பிலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த நர்ஸ் கையெடுத்துக் கும்பிட வேண்டிய பெண். திரையில் என்ன இருந்தாலும் வாய்விட்டு ஒரு தடவை கேட்காமல் ஊசி போடுவதில்லை என்று வைத்திருக்கிறார். அவர் கேட்டிருக்காவிட்டால் இந்தக் கதையை வேறு யாராவதுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

யாரோ சொல்லி அக்கா மூன்றாம் மாடியிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் முதலில் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். அந்த வரி அவளுடையது. சோதனை ஓட்டத்தின் முதல் நாள் தன்னையே முதல் நோயாளியாகப் பதிந்து வைத்திருந்தாள். அலர்ஜி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. அதற்கு மேலே, மறுபெயர் என்ற கட்டத்தில் என் பெயர் உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்து வருஷம் மனுஷியாக வாழ்ந்துவிட்டு, கடைசியில் நான் என் அக்காவுக்கு ஒரு மறுபெயர் ஆகிவிட்டேன்.

"அந்த மேஜைப் பொண்ணை முதல்ல மாத்து. சுத்த மக்கு" என்றேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். "அவ தப்பு இல்ல டி. அவளால புது வரி போட முடியாது. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அம்மா பேர், முகவரி, இது நாலும் ஒத்துப்போனா பேர் எதுவா இருந்தாலும் ஒரே ஆளுன்னு சேர்த்துடுன்னு விதி. அந்த விதியை எழுதினது நான்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலும் ஒத்துப்போகிற இரண்டு பேர் என்றால் யார்? உலகத்தில் எத்தனை தினுசு மனிதர்கள் என்று உட்கார்ந்து எண்ணியவள், இரட்டைப் பிள்ளைகளை விட்டுவிட்டாள். அதுவும் யார்? இரட்டையாகப் பிறந்தவள்.

அன்று மாலை மாடி வீட்டில் எனக்கும் அவளுக்கும் சண்டை. திங்கட்கிழமை திறப்பு. தலைமை டாக்டர், பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் கூடும் கூட்டம் சனிக்கிழமை. அதில் இதைச் சொல்லப்போகிறேன் என்றாள். நான் குதித்தேன்.

"எதுக்கு சொல்லணும்? விதியை மாத்திடு. ஊசி போடல, நான் நல்லாத்தான் இருக்கேன், விஷயம் முடிஞ்சது. யாருக்கு என்ன தெரியும்?"

"இனிமே வர்றவங்களுக்கு விதியை மாத்தலாம். ஏற்கெனவே சேர்ந்துபோனவங்களை என்ன பண்றது? ரெண்டு பேரோட விவரமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப்போச்சு. எது யாரோடதுன்னு அந்தந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டாத்தான் தெரியும். அதுக்கு ஆள் வேணும், நாள் வேணும், திறப்பைத் தள்ளி வைக்கணும். பழைய கோப்பை எல்லாம் இதுல கொட்டினா இந்த ஊர்ல இருக்கிற இரட்டைப் பிள்ளைங்க எல்லாரும் ஒத்தை ஆயிடுவாங்க."

"சரி, வேற ஏதாவது காரணம் சொல்லித் தள்ளி வை. மிஷின்ல கோளாறுன்னு சொல்லு. பதவியைக் கையில வாங்கிட்டு அப்புறம் சரி பண்ணு."

"பூசி மெழுகச் சொல்றியா?"

"ஆமா. அப்படித்தான் சொல்றேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடித்தளத்தில் தூசியில் இருமிக்கொண்டு கிடந்தவள் அவள். அந்த நாற்காலி அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றார். பிறகு அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எல்லாத்தையும் யோசிச்சியே, இது எப்படிடி உனக்குத் தோணாமப் போச்சு? என் வயித்துல ரெண்டா வந்தவ தானே நீ?"

அக்கா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு சொன்னாள். "இரட்டைங்கிறது வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்குத்தாம்மா. உள்ள இருந்து பார்த்தா நான் ஒருத்திதானே. என்னை நான் ஒருநாள் கூட இரட்டைன்னு நினைச்சதே இல்ல. அந்த விதியை எழுதும்போது என் மனசுல அப்படி ஒரு கட்டமே இல்ல."

நான் சண்டையை அதோடு விட்டுவிட்டேன். யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோரும் அப்படித்தானே. நம்மை ஏதாவது ஒரு கூட்டத்தில் சேர்த்துப் பேசுகிறவர்கள் வெளியில்தான் இருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொருவரும் ஒற்றை ஆள்தான். ஒரே ஆளாகத் தெரிய வேண்டும் என்று அவள் போராடிய போராட்டம் அவ்வளவு முழுசாக ஜெயித்திருக்கிறது, அந்த வெற்றியே அவள் காலை வாரிவிட்டது.

படி இறங்கும்போது கூப்பிட்டாள். "நாளைக்கு என்கூட கூட்டத்துக்கு வர்றியா? சொன்னா நம்ப மாட்டாங்க. பார்த்தா நம்புவாங்க."

"கட்டுப் போட்ட கையோடயா?"

"கட்டுப் போட்ட கையோடதான்."

நீள மேஜை. இருபுறமும் டாக்டர்கள், அதிகாரிகள். அக்கா எழுந்து நின்றாள், நான் அவள் பக்கத்தில். ஒரே முகம் இரண்டாக நிற்பதைப் பார்த்ததும் அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. அவர்களில் பாதிப் பேருக்கு அவளுக்கு இரட்டை இருப்பதே தெரியாது. அக்கா சிரிக்கவில்லை. "இது என் தங்கச்சி. நம்ம கணக்குல இவ இல்ல. நேத்து இவளுக்கு ஆகாத ஊசியைப் போட இருந்தோம்" என்று ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கிப்போனது. விதி என்ன, அது ஏன் எழுதப்பட்டது, அதில் விட்டுப்போனது என்ன, இதுவரை எத்தனை பேர் சேர்ந்துபோயிருக்கலாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

நிர்வாக அதிகாரி ஒருவர் குறுக்கிட்டார். நல்ல எண்ணத்தில்தான் என்று நினைக்கிறேன். "பதிவு மேஜையில இருந்த பொண்ணு கொஞ்சம் கவனிச்சிருக்கணும் இல்லையா? பேர் வேறன்னு தெரிஞ்சிருக்குமே. அறிக்கையில அப்படி எழுதிக்கலாமே."

எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. அக்கா தலையை ஆட்டினாள். "அவங்களுக்குத் தெரிஞ்சாலும் நான் வழி வைக்கல சார். அவங்க மேல ஒரு வரிகூட எழுதக் கூடாது. எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீங்க சொல்லலைன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தெரியுமா?"

"தெரியும் சார்."

"திங்கட்கிழமைக்கு எல்லா ஏற்பாடும் முடிஞ்சுபோச்சு. இதை நிறுத்தினா மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். தலைவி பதவிக்கு உங்க பேரை நான் எப்படிச் சொல்றது?"

"சொல்ல வேண்டாம் சார். சேர்ந்துபோனவங்களைப் பிரிக்கிற வேலையை மட்டும் எனக்குக் குடுங்க. நான்தான் சேர்த்தேன், எனக்குத்தான் வழி தெரியும்."

அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பரீட்சையில் அவள் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அவள் முகம் என் முகம் என்பதால், அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கும்போதும் அதே மரியாதையோடுதான் பார்த்தார்கள். நான் ஒன்றும் செய்யாமல் அதையும் வாங்கிக்கொண்டேன். வழக்கம்போல.

திறப்பு தள்ளிப்போனது. வெளியிலிருந்து ஒருவரைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அம்மா சொந்தக்காரர்களுக்கு மறுபடி போன் போட வேண்டியிருந்தது. வருத்தமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "நாற்காலி போச்சு. அவ போகலை. அப்படியேதான் இருக்கா" என்று கணீரென்று சொல்லிவிட்டு, எதிர்முனையில் ஆறுதல் வருவதற்குள் போனை வைத்துவிட்டார்.

அக்கா விதியை மாற்றினாள். இனிமேல் கணினி யாரையும் தானாகச் சேர்க்காது. சந்தேகம் வந்தால், 'இவருடன் இரட்டையாகப் பிறந்தவர் உண்டா?' என்று மேஜையில் இருப்பவர் கேட்க வேண்டும். பிறகு, சேர்ந்துபோனவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனில் பேசி, நேரில் வரச் சொன்னாள். ஒவ்வொரு பேச்சிலும் முதல் வாக்கியம் ஒன்றேதான்: "எங்ககிட்ட ஒரு தப்பு நடந்திருக்கு."

என்னையும் பிரித்துத் தனி வரியில் போட வேண்டும் என்று ஒருநாள் வரச் சொன்னாள். போனேன். என் வேலை முடிந்து, அவளோடு காபி குடிக்கலாம் என்று, அன்று அவள் வேலை பார்த்த குழந்தைகள் பிரிவில் காத்திருந்தேன். அங்கே ஒரு அம்மா இரண்டு பெண் குழந்தைகளோடு வந்தார். பள்ளிச் சீருடை, ஒரே உயரம், ஒரே பின்னல். ஒருத்தி மட்டும் கொஞ்சம் வெளிறி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாவுக்குக் கோபம் உதட்டு நுனியில் நின்றது.

"என்னதான் பண்றீங்க இங்க? இவ படி ஏறினாலே மூச்சு வாங்குறா. ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தீங்க. நல்லா ஓடியாடுற அவளுக்கு ரத்தசோகைன்னு மாத்திரை குடுத்தீங்க. இவளுக்கு ஒண்ணுமே இல்லன்னு அனுப்பிட்டீங்க. நான் சொன்னதை யாருமே கேக்கல. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குன்னாங்க. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு, நான்தான் பிள்ளைங்களை மாத்திச் சொல்றேனோன்னு."

அக்கா அவர் பேசி முடிக்கும் வரை நின்று கேட்டாள். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. உங்க ரெண்டு பொண்ணுங்களையும் நாங்க ஒரே பொண்ணா எழுதி வெச்சிருந்தோம். அதுல ரத்தப் பரிசோதனை முடிவு ஆள் மாறிப்போச்சு. இன்னைக்கே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு? இங்க பெரிய அதிகாரியா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டாள்.

"இல்லைங்க. இந்தத் தப்பைப் பண்ணினவ நான்தான்."

நான் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்துவது என்று தயாராகக்கூட இருந்தேன். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் மெல்ல விட்டது. வெளிறிய பெண்ணை முதுகில் கை வைத்து முன்னால் நகர்த்தினார், மற்றவளையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. வேற யாரும் என் பிள்ளைங்களை எழுத வேண்டாம்."

அக்கா மேஜையில் இருந்த பெண்ணிடம் அனுமதி கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளிறிய குழந்தையைத் தன் பக்கம் கூப்பிட்டாள். "முதல்ல உன் பேரைச் சொல்லும்மா" என்றாள்.